ஓடச்சொல்லி அடித்த மணி

எங்கள் கடலில் என்ன நடந்தாலும் அது முதலில் டொரொன்டோவில் இருக்கும் என் அண்ணருக்குத்தான் தெரியவரும். கடலுக்கும் எனக்கும் இடையில் ஒரு மணல்மேடும் நாலைந்து பனையும்தான். கடலுக்கும் அவருக்கும் இடையில் பாதி உலகம் கிடக்கிறது. ஆனாலும் சுமாத்திராப் பக்கம் கடலடி நிலம் கொஞ்சம் புரண்டு படுத்தால் போதும், என் சட்டைப்பையில் தொலைபேசி அலறும். "டேய், இருக்கிறியோ, செத்துப் போட்டியோ?" அதுதான் அவர் சுகம் விசாரிக்கும் முறை. இருக்கிறேன் என்றால், ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய் என்று ஏச்சு விழும்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை கடல் எங்கள் வடமராட்சிக் கரைக்குள் வந்துபோனதே, அன்றிலிருந்து இப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தயாராக இருக்கும். அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ், ஒரு மாற்றுச் சேலை. எங்கள் வீட்டுப் பையை மனுசி இடைக்கிடை அவிழ்த்து வெயிலில் காயவைத்து மறுபடி அடுக்குவாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். என் உடுப்பு ஒன்றும் அதற்குள் இல்லை.

"என்னைக் கடலுக்குக் குடுக்கிற யோசனையோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் எப்பிடியும் முதல் ஆளா ஓடிடுவியள். கட்டின சாரத்தோடை தப்பிற ஆளுக்கு என்னத்துக்கு மாற்றுடுப்பு?"

பயந்தவன் என்பதில் ஊருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், நான் ரியூட்டரியில் புவியியல் படிப்பிக்கிறவன். நிலநடுக்கம் எவ்வளவு தூரம் உணரப்படும் என்று கரும்பலகையில் வட்டத்துக்கு மேல் வட்டம் போட்டுக் காட்டுவேன். நடுவில் இருப்பவனுக்கு வீடு விழும். அடுத்த வட்டத்தில் சுவர் வெடிக்கும். இன்னும் தள்ளிப் போனால் கோப்பையில் தேத்தண்ணி தளும்பும். கடைசி வட்டத்தில், படுத்துக் கிடப்பவனுக்கும் மேல்மாடியில் இருப்பவனுக்கும் மட்டும் தலை சுற்றும்; தெருவில் நடந்துபோகிறவன் ஒன்றும் அறியான். "நாங்கள் அதுக்கும் வெளியிலை" என்று குடாநாட்டின் தலையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, கையிலுள்ள சோக்குத் தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அந்தப் புள்ளிக்குள்தான் என் மச்சாள் காத்துக்கொண்டிருந்தாள்.

மச்சாள் என் மனுசியின் தங்கை. அவளுடைய புருஷன், அதாவது என் சகலன், அந்தக் காலையில் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துவிட்டு வருகிறேன் என்று போனவன். வள்ளம் கோயில் மதிலில் செருகிக்கொண்டு நின்றது. அவன் கிடைக்கவில்லை.

எங்கள் கரையில் எல்லோரும் கத்தோலிக்கர். ஒரு சாவு விழுந்தால் கோயில் மணி துக்கமாக அடிக்கும். ஓர் அடி, ஒரு மூச்சு விட்டு இன்னோர் அடி. அது கேட்ட பிறகுதான் செத்தவர் செத்தவர் ஆவார். அன்று யாரும் வள்ளம் இறக்கமாட்டார்கள். சவக்காலையில் மண் போட்டு முடியும் மட்டும் தொழில் இல்லை. கடல் வந்த அன்று மணிக்கூண்டே சரிந்து கிடந்தது. பிறகு கூண்டைக் கட்டி மணியைத் தூக்கி மாட்டியபோது, உடம்பு கிடைக்காதவர்களுக்கும் அந்தந்த வீட்டில் கேட்டு அடித்தார்கள். மச்சாள் மட்டும் விடவில்லை.

"கச்சேரிக் கந்தோரிலை மரணப் பத்திரத்துக்குக் கையெழுத்து வைச்சனான், பிள்ளையின்ரை படிப்புக்காக. கோயிலுக்கு வைக்கமாட்டன்."

ஊருக்குப் பங்குச் சுவாமிமார் மாறி மாறி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. கரையை விட்டு உள்ளே, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குப் போனவள் அதன்பிறகு மணலில் கால் வைக்கவில்லை. மீன் விற்ற கை மீனைத் தொடுவதில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் எடுத்துவந்து வீட்டு வாசலில் குவித்து விற்றாள். யாராவது அவனைப் பற்றிக் கதைத்தால் 'இருந்தார்' என்று சொல்ல விடமாட்டாள். மனுசிக்கு இது ஒன்றுதான் கவலை. "ஒருக்கா அழுது முடிச்சாளெண்டால் மனுசியா நடமாடுவாள். இப்பிடியே வாசலைப் பாத்துப் பாத்துக் கிழவியாப் போறாள்" என்பாள். எனக்கும் அலுத்துவிட்டது. தேறுதல் சொல்லி அலுத்து, பகிடி சொல்லி அலுத்து, கடைசியில் அவள் வீட்டுக்குப் போனால் வெங்காய விலை மட்டும் கதைத்துவிட்டு வருவேன்.

கடல் வந்து ஏழெட்டு வருஷம் ஆன ஒரு சித்திரை விடுமுறையில் கோயில் சங்கிலித்தாம், மணி அடித்து, மெழுகுதிரி கொளுத்தி, பூசைக்கு ஆயத்தம் செய்கிற மனிதர், கண் புரை வெட்டுவிக்கப் போய்விட்டார். ரியூட்டரி பூட்டிக் கிடக்கிறதே என்று அவருடைய வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் கயிற்றைத் தொட்ட நேரமோ என்னமோ, ஊரில் கிழடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மோசம் போகத் தொடங்கினார்கள். எனக்குத் துக்கமணி தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. தெருவில் என்னைக் கண்டால், "மாஸ்டர், எங்கடை ஐயாவைப் பாத்துச் சிரிச்சுப் போடாதேங்கோ, அவர் இன்னும் கொஞ்சநாள் இருக்க ஆசைப்படுறார்" என்று கும்பிடுவார்கள்.

ஒரு பின்னேரம், செபமாலைக்கு முன், பீடத்தில் எரிந்த மெழுகுதிரிகளை நீளத் தடியால் அணைத்துக்கொண்டு நின்றேன். தலை சுற்றியது. மத்தியானம் இரண்டாம் முறை போட்டுத் தின்ற சோறு என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், பீடத்துக்கு முன்னால் சங்கிலியில் தொங்குகிற விளக்கு ஆடுகிறது. காற்று இல்லை. யன்னல் திரை தொங்கினபடி தொங்குகிறது. விளக்கு மட்டும் ஒரு அவசரமும் இல்லாமல் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருகிறது. வாசலில் தீர்த்தத் தொட்டித் தண்ணீர் விளிம்புவரை ஏறி இறங்குகிறது.

கடைசி வட்டம் எங்கள் கோயிலுக்குள் வந்துவிட்டது.

புவியியல் மாஸ்டர் என்ன செய்திருக்கவேண்டும்? நின்று கவனித்திருக்கவேண்டும். நான் சனம் இருக்கும் வாங்குக்குக் கீழே புகுந்து குப்புறப் படுத்தேன். சண்டையில் செல் அடித்த காலத்தில் உடம்பு படித்த ஒரே பாடம் அது: நிலம் அதிர்ந்தால் படு. படுத்த பிறகு, இதற்குக் கட்டடத்தை விட்டு வெளியே ஓடவேண்டும் என்று நான் படிப்பிக்கிற பாடம் நினைவுக்கு வந்தது. வெளியே ஓடினேன். ஓடிவந்த பிறகு, வெளியே கடல் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினேன். மறுபடி வாங்குக்குக் கீழே புகலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது அண்ணரின் அழைப்பு.

"டேய், பெரிய அதிர்வாம்! கடல் வருதாமடா! சனத்தை எழுப்படா!"

ஒலிபெருக்கியைப் போட்டேன். கரண்ட் இல்லை. மணிக்கூண்டுக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்தேன். கடல் வந்தால் மூச்சுவிடாமல் அடிக்கவேண்டும், அதைக் கேட்டதும் சனம் கரையைவிட்டு உள்ளே இருக்கும் உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும் என்பது ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவு. அந்தக் கூட்டத்தில் கையை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். என் எண்ணத்தில் அன்று நான் அடித்தது அந்த மணிதான். கை அடித்தது வேறு. ஓர் அடி. ஒரு மூச்சு. இன்னோர் அடி. நெஞ்சு அடித்த வேகத்தில் நூறில் ஒன்றுகூடக் கயிற்றுக்குப் போகவில்லை.

ஊர் ஓடவில்லை. ஊர் கோயிலுக்கு வந்தது.

பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் கோயில் காரியங்களுக்குப் பொறுப்பான மூப்பர்.

"ஆர் மாஸ்டர் மோசம் போனது?"

"கடல்!" என்றேன்.

"கடலிலையோ? ஆர்?"

"ஐயோ, கடல்! கடல்!"

மூப்பர் சனத்தைத் திரும்பிப் பார்த்து, மெல்லிய குரலில், "கடலிலை ஆரோவாம்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் அப்படியே கரைப்பக்கம் திரும்பியது. நான் பின்னால் ஓடினேன்.

"ஓடுங்கோ! ஓடுங்கோ!"

"ஓடுறம்தானே மாஸ்டர்! சத்தம் போடாமல் வாருமன்!"

கடலிலிருந்து ஊரைக் காப்பாற்றக் கயிற்றைப் பிடித்தவன், ஊரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கடலோரத்தில் நிறுத்திவிட்டேன். கடலே நேரில் வந்து அழைத்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்கமாட்டார்கள்.

அப்போதுதான் வீட்டுத்திட்டப் பக்கமிருந்து மச்சாள் வந்தாள். செருப்பு இல்லை. சேலையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல், எல்லோரையும் விலத்திக்கொண்டு மணல்மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள்.

நான் மேட்டில் நின்றேன். என் கால் இரண்டும் உடுப்பிட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றன. முகத்தை மட்டும்தான் கடல்பக்கம் திருப்ப முடிந்தது. மனுசி வந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"இஞ்சாருங்கோ, அவளைப் பிடியுங்கோ! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

இறங்கினேன். மெழுகுதிரி அணைக்கிற தடி இன்னும் கையில் இருக்கிறது என்பது தண்ணீருக்குள் போன பிறகுதான் தெரிந்தது. கடலை அணைக்கப் போகிறவன் மாதிரி அதை முன்னால் நீட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

"வா பிள்ளை. கடல் வரப்போகுது."

"எங்கை அத்தான்?"

"அந்தா, அங்காலையிருந்து."

"கடலைக் கேக்கேல்லை. ஆள் எங்கை? எங்கை கிடத்தியிருக்கு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துக்கமணி கேட்டிருக்கிறது. வழியில் யாரோ, கடலிலை ஆரோவாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் வேறு யாரையும் நினைக்கவில்லை.

என்னிடம் எந்த நேரமும் ஒரு பகிடி கையிருப்பில் இருக்கும். அன்று வாய்க்குள் உப்புத் தண்ணீர்தான் இருந்தது.

"ஆருமில்லைப் பிள்ளை. சனத்தை ஓடச்சொல்லி அடிச்சனான். பிழையா அடிச்சிட்டன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தடியைப் பார்த்தாள். திரும்பிக் கரையேறினாள்.

அதற்குள் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கனடாவும் லண்டனும் பாரிசும் பேசத் தொடங்கிவிட்டன. ஊருக்கு உண்மை தெரிந்தது. பிறகு ஓடினார்கள் பாருங்கள், அதுதான் ஓட்டம். உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது யார் யாருடைய பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு வந்தது என்று பிரித்தெடுக்கவே நேரம் பிடித்தது.

கடல் வரவில்லை. பொழுதுபடுகிற நேரம் அண்ணர் மறுபடி எடுத்து, எச்சரிக்கையை நீக்கிவிட்டார்களாம் என்றார். நிலம் மேலும் கீழுமாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததாம். அதனால் தண்ணீர் பேசாமல் இருந்துவிட்டதாம். அதுவும் நான் படிப்பிக்கிற பாடம்தான். பயம் போனதும் சனத்துக்கு வாய் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை என்று பள்ளிக்கூட முற்றத்தில் ஒரே தர்க்கம்.

"சத்தியமாச் சொல்லுறன், நான் படுத்திருந்த கட்டில் ஆடினது."

"கள்ளுத் தவறணையாலை வந்து படுத்தா உனக்கு ஒவ்வொரு நாளும் ஆடும்."

"எங்கடை கிணத்துத் தண்ணி கலங்கிப்போச்சு. வந்து பாருங்கோவன்."

"மாஸ்டருக்குத்தான் முதல் தெரிஞ்சது. நாங்கள் எல்லாம் அவரின்ரை மணியைக் கேட்டுத்தான் நடுங்கினனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சாள் வகுப்பறைப் படியில் தனியே இருந்தாள். முழங்கால்வரை நனைந்த சேலை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. மனுசி பக்கத்தில் போய் இருந்தாள்.

அதன்பிறகு ஊர் என்னை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாண் வாங்கக் கடைக்குப் போனால், "மாஸ்டர், இண்டைக்கு ஆருக்கு?" சைக்கிள் மணியை அடித்தால் வேலிக்கு உள்ளேயிருந்து, "இது ஓடவோ, அழவோ?" அதையெல்லாம் தாங்கலாம். மச்சாளின் வாசலைக் கடந்து போவதுதான் கஷ்டமாக இருந்தது. வெங்காய விலைகூட எங்களுக்கிடையில் இல்லாமல் போய்விட்டது. ரியூட்டரி தொடங்கியபோது நிலநடுக்கப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு மழைவீழ்ச்சி படிப்பித்தேன். வட்டம் போடக் கை வரவில்லை.

சோளகக் காற்று இன்னும் பலக்காத வைகாசியில் ஒருநாள் காலமை அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை வெங்காயம். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"அத்தான், அவருக்கு மணி அடிக்க வேணும்."

அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"ஏன் பிள்ளை? நான் அண்டைக்குச் செய்த விசர் வேலையாலையோ?"

"ஓம், அதாலைதான்." கொஞ்சநேரம் பையின் வாயைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "அண்டைக்கு ஓடி வந்தனான் தானே. உயிரோடை வாறார் எண்டு நினைச்சு ஓடேல்லை அத்தான். உடம்பு ஒதுங்கியிட்டுது எண்டுதான் ஓடினனான். என்னத்தைப் போத்துறது, சேலை ஒண்டும் எடுக்காமல் வந்திட்டனே எண்டு யோசிச்சுக்கொண்டு ஓடினனான். அப்ப, எனக்குத் தெரிஞ்சுதானே இருந்திருக்கு? பேந்து ஏன் சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்?"

"சங்கிலித்தாம் வந்திட்டார். அவர் நல்லா அடிப்பார்" என்றேன்.

"வேண்டாம். நீங்கள் அடியுங்கோ. உங்களுக்கு அது ஒண்டுதானே அடிக்கத் தெரியும்."

கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் சொல்லி நாங்கள் கேட்ட முதல் பகிடி அது. சிரிக்கலாமா என்று தெரியாமல் நானும் மனுசியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் அக்காவிடம் பையைக் கொடுத்துவிட்டு, "கெதியாக் கறி வையுங்கோ, அழுகப் பாக்குது" என்று சொல்லிப் போனாள்.

சுவாமி உடனே சம்மதித்தார். அடுத்தநாள் காலமை மணி, பிறகு பூசை. மூப்பர்தான் தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர், நீர் கயித்திலை கை வைச்சா இனிச் சனம் உடுப்பிட்டியிலைதான் போய் நிக்கும். வீடு வீடாப் போய்ச் சொல்லிப்போட்டு அடியும்."

அவர் சொன்னது சரி. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலிப் படலை படலையாகப் போனேன். "நாளைக்குக் காலமை மணி அடிக்கும். நான்தான் அடிக்கப் போறன். ஓடிப் போடாதேங்கோ." முதல் வீட்டில் சிரித்தார்கள். "ஆருக்கு?" என்று கேட்டார்கள். என் சகலனின் பெயரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்த வீட்டுப் பெண் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர், "எடுக்கிறது எத்தினை மணிக்கு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, எடுக்க உடம்பு இல்லை என்பது நினைவு வர, நாக்கைக் கடித்துக்கொண்டு வலையைப் பார்த்தார். அதற்கடுத்த படலையைச் சாத்தியபோதுதான் கவனித்தேன், நான் 'வாறன்' என்று சொல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, தேத்தண்ணி குடிக்கச் சொல்லவுமில்லை. ஓடாதீர்கள் என்று சொல்லப் புறப்பட்டவன் இழவு சொல்லிக்கொண்டு போகிறேன் என்பது எனக்குத் தெரியுமுன் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

ஒழுங்கையின் முடிவில் ஒரு தாய் இருக்கிறா. அவவின் மகனைக் கடல் கொண்டுபோகவில்லை. கடைசிச் சண்டை முடிந்தபோது ஆமிக்காரர் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தப் படலையில் நிற்காமல் போய்விடத்தான் பார்த்தேன். அவ கண்டுவிட்டா.

"என்ன தம்பி, என்ரை வீட்டுக்குச் சொல்லேல்லையே?"

"மணி கேட்டு ஓடிப் போடாதேங்கோ எண்டுதான் அம்மா."

"நான் அண்டைக்கும் ஓடேல்லை. அவன் வந்தா வீட்டிலை ஆள் இருக்க வேணும்." கொஞ்சம் யோசித்தா. "அவளுக்குச் சொல்லும், நான் ஒண்டும் குறையா நினைக்கேல்லை எண்டு. அவளின்ரை ஆள் வேறை, என்ரை ஆள் வேறை."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அடித்தேன். ஓர் அடி, ஒரு மூச்சு, இன்னோர் அடி. யாரும் ஓடவில்லை. கோயில் நிறைந்துவிட்டது. மச்சாள் முன் வாங்கில் மகளோடு இருந்தாள். பூசை முடியும்வரை நிமிர்ந்தபடிதான் இருந்தாள். வெளியே வந்து மதிலோரம், முன்பு வள்ளம் செருகி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் அழத் தொடங்கினாள். மனுசி பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் வந்து சுற்றி இருந்தார்கள். நான் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். தோள்மூட்டுக் கழன்றுவிட்டது போலிருந்தது.

கரையில் பெடியள் வள்ளங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். மணி அடித்துவிட்டது, ஆகவே தொழில் இல்லை. மண் போடும் மட்டும் காத்திருக்கவேண்டும். ஆனால் மண் போட ஒன்றுமில்லாத சாவில் எப்போது எழும்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் போய்க் கேட்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். நான் காணாதவன்போல் மறுபக்கம் பார்த்தேன். கடைசியில் மூப்பர்தான் போய், பெண்களுக்கு எட்டத்தில் நின்று, தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, பெடியள் இறக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் நிக்கிறாங்கள். நீதான் சொல்ல வேணும்."

மச்சாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். மணல்மேட்டில் ஏறி நின்று, வரிசையாகக் கிடந்த வள்ளங்களைப் பார்த்தாள்.

"இண்டைக்கு வேண்டாம்" என்றாள். "நாளைக்குப் போகட்டும்."

மூப்பர் கரையைப் பார்த்துக் கையை அசைத்தார். பெடியள் சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழும்பி வீட்டுக்குப் போனார்கள். காற்று இல்லை, தண்ணீர் தெளிந்து கிடந்தது, நல்ல மீன் படக்கூடிய நாள். ஒரு வள்ளமும் இறங்கவில்லை.